பாட்டு ஓடினால் அறிவிப்பு ஊமையாகுதா? சவுண்ட் கார்டு மேல் தப்பில்லை

வணக்கம் தம்பி. தலவாக்கலைத் தோட்டக் கோயிலில் டெஸ்க்டாப் இல்லாத டெபியன் (லினக்ஸ்) கணினி, எம்பிடி என்ற பின்னணிப் பாட்டு நிரலில் பக்திப் பாட்டு ஓடும்போது அறிவிப்பைப் போட்டால், அதை ஒலிக்கும் எம்பிளேயர் நிரல் 'சாதனம் பிஸி' என்று நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது சவுண்ட் கார்டு வாங்கக் கண்டிக்குப் பஸ் ஏற வேண்டாம்.

எம்பிடியின் அமைப்புக் கோப்பில் 'டிவைஸ்' வரியைப் பாருங்கள். 'எச்டபிள்யூ:0,0', அதாவது கார்டை நேரடியாகத் திற, என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படித் திறக்கிற நிரல் கார்டை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். லயத்துப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு நகராத ஆளைப் போல. 'சூடோ ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*' என்று அடித்தால் பிடித்திருப்பது யாரென்று தெரியும்.

அதை 'டிஃபால்ட்' என்று மாற்றி எம்பிடியை மறுபடி தொடங்குங்கள். எம்பிளேயரும் 'டிஃபால்ட்'டையே திறக்க வேண்டும். அப்போது லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் டிமிக்ஸ் என்ற கலப்பான் நடுவில் நின்று இரண்டு ஒலியையும் கலந்து அனுப்பும். கலப்பது பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகளாக. உங்கள் 44,100 ஹெர்ட்ஸ் பாட்டுகள் அதற்கு மாற்றப்படும். கோயில் குழாய் ஸ்பீக்கரில் அதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது!

பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: எம்பிடி தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் பயனரும் 'ஆடியோ' குழுவில் இல்லாவிட்டால் டிமிக்ஸைப் பகிர முடியாது. சேர்த்துவிட்டு வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

பிறகு டெஸ்க்டாப்போடு பைப்வயர் என்ற ஒலிச் சேவையைப் போட்டால் கதை வேறு. அது ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஓடும். அதனால் எம்பிடியையும் உங்கள் பயனரிலேயே ஓட்டுங்கள்.