‘டக்’ என்ற சத்தம் கேட்கிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் மூன்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா, அவர் இறந்த பிறகு பெட்டியில் கிடைத்தது. பட்டனை அழுத்தினால் ‘க்ளிக்’ என்கிறது, ஆனால் விளக்கு எதுவும் எரியவில்லை. அந்த பேட்டரியே இப்போது வருவதில்லையாம். கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்துவிடலாமா, அண்ணே? (தைப்பிங் வாசகி)

பதில்: அலமாரி வேண்டாம், தங்கச்சி. பேட்டரி இல்லாமலே ‘க்ளிக்’ என்கிறது என்றால் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, உயிரோடு இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது இந்தக் கேமரா எல்லாப் படத்தையும் 1/500 நொடியில் எடுக்கும். வெயிலில் அப்படியே ஒரு ரோல் எடுத்துவிடலாம்.

ஜிஎஸ்என் 1973-இல் வந்த மாடல். அதற்கு வேண்டியது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். அளவில் சிறியது, ஆகவே சுற்றிலும் அட்டையைச் சுருட்டி வைத்து, மிச்ச இடத்துக்கு ஒரு சிறு ஸ்பிரிங் போடுங்கள். கொஞ்சம் கூடுதலான வோல்ட்டை இந்தக் கேமரா தாங்கிக்கொள்ளும்.

பேட்டரி போடும் முன் அடி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். என்னிடம் ‘செத்துப்போச்சு’ என்று வருபவற்றில் பல இந்தப் பூப்பினால்தான் நின்றிருக்கும்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். படம் எடுத்துவிட்டு, பிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே ‘டக்’ என்று தெளிவாக ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர்த் துண்டு உளுத்துப்போயிருக்கிறது என்று பொருள். அது போனால் விளக்குகளும் ஷட்டர் வேகமும் தாறுமாறாகும். உடலைப் பிரிக்காமல் அந்த இடத்தை எட்ட முடியாது. அதை மட்டும் பழகிய கையிடம் கொடுங்கள்.

சத்தம் கேட்டால் இப்படிச் சோதியுங்கள்: பிலிம் வேகம் 400, லென்ஸ் திறப்பு 1.7. நடுப்பகல் வெயிலில் இருக்கும் தகரக் கூரையை நோக்கிப் பட்டனைப் பாதி அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வீட்டுக்குள் இருட்டு மூலையை நோக்கினால் மஞ்சள். இரண்டும் எரிந்தால் ரோல் போடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். பின்கதவு ஓரத்தில் வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புப் பஞ்சு தார் மாதிரி பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதைக் கவனிக்காமல் முப்பத்தாறு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து செம்மஞ்சள் கோடு. காவடி எடுத்தவர்களில் இருவர் இப்போது இல்லை. அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: கெனானெட் கேமராவின் லென்ஸுக்குள் சிலந்திவலை போல் பூஞ்சை. அரிசி டின்னில் வைத்தால் போகுமா? (கோல கங்சார்)

பதில்: போகாது. அரிசித் தூசிதான் உள்ளே போகும். பூஞ்சையை லென்ஸைக் கழற்றித் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டும், ஏனென்றால் கண்ணாடி மேலுள்ள பூச்சை அது அரித்துவிட்டால் தழும்பு நின்றுவிடும். நம் ஊர் ஈரத்தில் தோல் உறைதான் பெரிய எதிரி. உறையைத் தனியே வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து லீவரை இழுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். கெனானெட்டில் ஷட்டர் இதழ்கள் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொள்வது வழக்கமான நோய், சும்மா கிடந்தால் இன்னும் ஒட்டும்.

கேள்வி: அம்மா இன்னும் ரப்பர் பால் வெட்டப் போகிறார். ஓய்வு பெறுவதற்குள் விடியற்காலையில் அவரை எலெக்ட்ரோவில் படமெடுக்க ஆசை. மரத்தடி இருட்டில் முடியுமா? (சுங்கை சிப்புட்)

பதில்: கட்டாயம் முடியும், தம்பி. இந்த வகைக் கேமராவுக்குள் மேலே எகிறும் கண்ணாடி கிடையாது, அதனால் அதிர்வு குறைவு. மூச்சை அடக்கி, முதுகை மரத்தில் சாய்த்தால் 1/15 நொடியிலும் கையிலேயே எடுக்கலாம். மஞ்சள் விளக்கு எரிந்தால் 1/30-க்குக் கீழே போகிறது என்று அர்த்தம். கத்தி ஓடும்போது எடுக்காதீர்கள், வெட்டுக்கோட்டின் முனையில் கை ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள். 400 வேகப் பிலிம், லென்ஸ் 1.7.

அதற்கு முதல் நாள் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் செங்குத்தான ஓரத்தை வியூஃபைண்டரில் பாருங்கள். தூரத்தை முடிவிலிக் குறியில் வைத்தால் நடுவில் தெரியும் இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். விலகி நின்றால் 1.7-இல் அம்மாவின் முகம் தெளிவாக விழாது. கேமராவை என்னிடம் கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்றும் பாருங்கள், வியூஃபைண்டர் தனியாக இருப்பதால் மூடி இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஏழு மணிக்கு வெளிச்சம் இலைக்குள் இறங்கும்போது, கோப்பையில் பால் சொட்டுவதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.