அந்தக் கதவுச் சத்தம்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு குறிப்பில் பின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அவருடைய ‘லிக்ட்போகன்’ தேடிக் கேட்டேன். மெட்டு வரும் வரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். கதவு கிறீச்சிடுகிறது, காற்று வீசுகிறது, அவ்வளவுதான். மெட்டுப் போட வராதவர்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களோ? தவறாக நினைக்க வேண்டாம், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? கடைசிவரை கேட்டிருக்கிறீர்களே. நான் முதல் முறை ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் கேட்ட கதவுச் சத்தம் கம்ப்யூட்டர் போட்டதல்ல. மேடையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்: புல்லாங்குழல், ஹார்ப், பியானோ, தாள வாத்தியங்கள், ஐந்து தந்தி வாத்தியங்கள். வில்லை அழுத்தி இழுத்தால் சுரம் உடைந்து கரகரப்பாகும். குழலில் சுரத்தைவிட மூச்சை அதிகம் விட்டால் காற்று கேட்கும். மின்னணுக் கருவிகள் அங்கே செய்வது கொஞ்சம்தான். எதிரொலியைக் கூட்டுவது, சுருதியைச் சற்றே பெயர்த்துக் கலப்பது.

கம்ப்யூட்டரின் பெரிய வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு செல்லோவில் (வயலினின் பெரிய அண்ணன் மாதிரி) மெல்லிய சுரம் ஒன்று வில்லின் அழுத்தத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலாக மாறுவதைப் பதிவுசெய்து, அந்த ஒலியைக் கம்ப்யூட்டரில் அலசி, உள்ளே என்னென்ன சுரங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பார்த்தார் சாரியாஹோ. 1986இல் எழுதிய ‘லிக்ட்போகன்’ படைப்பின் ஹார்மனி, அதாவது எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது, அங்கிருந்து வந்ததுதான். அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளியவில்லை. அதைப் பூதக்கண்ணாடி மாதிரி கையில் வைத்துக்கொண்டு செல்லோவைப் பார்த்தார்.

1952இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். சின்ன வயதில் ராத்திரி தலையணைக்குள்ளிருந்து பாட்டு கேட்கிறது, அதை நிறுத்து என்று அம்மாவிடம் சொல்வாராம். அங்கே சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் படிக்கும்போது, 1977இல், மாக்னுஸ் லிண்ட்பெர்க், ஏசா-பெக்கா சலோனென் போன்ற நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். அதன் பெயருக்கு ‘காதைத் திற’ என்று பொருள். அப்புறம் ஜெர்மனியில் ஃபிரைபுர்க். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் பிரையன் ஃபெர்னிஹோ. தாளைப் பார்த்தாலே தலை சுற்றும் அளவுக்குச் சிக்கலாக எழுதுபவர். காதுக்கு எட்டாத சிக்கலை எதற்குத் தாளில் எழுத வேண்டும் என்பது சாரியாஹோவின் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம் உண்டு.

1982இல் பாரிஸ் போனார். இசையமைப்பாளர் பியேர் பூலேஸ் உருவாக்கிய இர்காம் என்ற இசை ஆய்வுக்கூடம் அங்கேதான். அந்த வருடமே ‘வேர் லு பிளாங்’ செய்தார். மூன்று சுரம் ஒன்றாக ஒலிக்கும் ஒரு கோர்டு, பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு இன்னொரு கோர்டாக நகர்கிறது. அவ்வளவுதான் மொத்தப் படைப்பும். நகர்வது காதுக்குத் தெரியாது, நகர்ந்துவிட்டது என்று மட்டும் தெரியும். இதைப் பரிசோதனை என்பேன், கச்சேரி என்று சொல்லமாட்டேன். அடுத்து வந்த ‘ஃபெர்ப்லெண்டுங்கன்’ வேறு ரகம். ஆர்கெஸ்ட்ராவும் ஒலிநாடாவும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. உச்சத்திலேயே ஆரம்பித்து அங்கிருந்து அடங்கிக்கொண்டே வருகிறது.

இந்தப் பயிற்சி எங்கே கொண்டுபோய்விட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1994இல் எழுதிய ‘கிரால் தேயாத்ர்’ வயலின் கான்செர்ட்டோவிலும் (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) 2002இல் எழுதிய ‘ஓரியன்’ படைப்பிலும் மின்னணுக் கருவியே இல்லை. ஆனாலும் அதே மின்னும் ஒலி இருக்கிறது. கருவியை விட்டுவிட்டார், காது மட்டும் மாறிய காதாகவே இருந்துவிட்டது.

மெட்டு வராதவர் என்று நீங்கள் சொன்னதற்கு அவருடைய முதல் ஓபராவே பதில். அமீன் மாலூஃப் வசனம் எழுதிய ‘லாமூர் து லுவான்’, 2000இல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது. பார்த்தேயிராத ஒரு சீமாட்டியைக் காதலித்து, கடல் கடந்து போய், அவள் மடியில் உயிர்விடும் பிரெஞ்சுப் பாணனின் கதை. பிசிராந்தையாரைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, அங்கே காதல் இல்லை என்பதைத் தவிர. அதில் நீண்டு வளைந்து பாடும் வரிகள் தாராளமாக இருக்கின்றன. 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் அதை நடத்தினார்கள். அந்த மேடையில் அதற்கு முன் ஒரு பெண் எழுதிய ஓபரா நடந்தது 1903இல். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

2023 ஜூனில் பாரிஸில் இறந்தார். கடைசியாக எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோ அதன் பிறகுதான் அரங்கேறியது.

சரி, நீங்கள் எங்கே தொடங்கலாம்? ‘லிக்ட்போகன்’ இப்போதைக்கு வேண்டாம். ‘பெட்டல்ஸ்’ கேளுங்கள். ஒற்றைச் செல்லோ, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மின்னணு ஒலி சேர்த்தும் வாசிக்கலாம், சேர்க்காமலும் வாசிக்கலாம் என்று அவரே விட்டிருக்கிறார். இரண்டு விதமும் தேடிக் கேளுங்கள், ஹெட்ஃபோனில். எந்த இடத்தில் சுரம் முடிந்து சத்தம் தொடங்குகிறது என்று பிடிபட்டால் எழுதுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.