கிட்டார் பெடல் கிட் கேள்வி பதில்: மீட்டர்ல அளந்த பிறகு சால்டரிங் அயர்னை எடுங்க

கிட்டார் சத்தத்தை மாத்துற மிதிபெட்டியை (பெடல்) பார்ட்ஸா வாங்கி நாமளே பத்தவைச்சுச் செய்யுறதுதான் பெடல் கிட். குமரி மாவட்டத்துல அதைச் செஞ்சு பழகுறவங்க அனுப்பின கேள்விகளும் பதில்களும். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு: கையில மல்ட்டிமீட்டர் இல்லன்னா கிட்டுக்கு முன்னாடி அதை வாங்குங்க. வேலை செய்யாத கிட்ல பெரும்பாலும் பார்ட் கெட்டிருக்காது. தப்பான இடத்துல தப்பான பார்ட் இருக்கும், இல்லன்னா டிரை சால்டர் (ஈயம் சரியா பிடிக்காத இணைப்பு) இருக்கும். மீட்டர் ரெண்டையும் காட்டிக் கொடுத்துரும்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, முதல் கிட்டா ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கிழியவைக்குற பெடல்) வாங்கலாமா?

முதல்ல ஒத்தை டிரான்சிஸ்டர் பூஸ்டர் (சத்தத்தைக் கூட்ட மட்டும் செய்யுற பெடல்) செய்யுங்க தம்பி. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் எல்பிபி-1 சர்க்யூட்டைப் பாருங்க. டிரான்சிஸ்டரோட மூணு கால்தான் பேஸ், கலெக்டர், எமிட்டர். பேஸுக்கு 430 கே (கிலோ ஓம்), 43 கே, கலெக்டருக்கு 10 கே, எமிட்டருக்கு 390 ஓம், ரெண்டு 0.1 மைக்ரோ கபாசிட்டர், 100 கே வால்யூம், அவ்வளவுதான். 9 வோல்ட் கொடுத்தா பேஸ்ல 0.8 வோல்ட், கலெக்டர்ல 4 வோல்ட் சுற்றி வரணும். கலெக்டர்ல 9 காட்டினா டிரான்சிஸ்டர்ல கரண்டே ஓடலைன்னு அர்த்தம்.

நம்ம ஊர் கடையில 2என்5088 கிடைக்காது, பிசி547 கொடுப்பாங்க. அது இதுக்குப் போதும். ஆனா தட்டைப் பக்கம் நம்மளைப் பார்த்தா 2என்5088-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர்னு வரும். பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டுல வரைஞ்ச படத்துக்கு நேர் எதிரா திருப்பிப் போடணும். படத்தை நம்பி அப்படியே போட்டா சத்தம் நோஞ்சானா வரும், காரணம் தெரியாம கிட்டைத் திட்டுவீங்க.

தக்கலையிலிருந்து: டியூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல் மாதிரி கிட் முடிச்சாச்சு. பைபாஸ்ல (பெடல் ஆஃப்ல இருக்கும்போது) கிட்டார் கேக்குது. மிதிச்சா எல்இடி எரியுது, ஆனா சத்தமே இல்ல. ஐசி போச்சா?

ஐசியைக் கழட்டாதீங்க. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு கறுப்பு முனையை எர்த்துல பிடிங்க. 4558 ஐசியில 8-ம் காலில் கிட்டத்தட்ட 9, 4-ம் காலில் 0, 1-லயும் 7-லயும் 4.5 வோல்ட் வரணும். 8-ல ஒண்ணும் இல்லன்னா பவர் வழியைப் பாருங்க. 1, 7 ரெண்டு காலிலும் 4.5-க்குப் பதிலா 0 வந்தா, 9 வோல்ட்டைப் பாதியாக்குற ரெண்டு 10 கே ரெசிஸ்டர் பக்கம் போங்க. 1-ம் கால் அல்லது 7-ம் கால் மட்டும் மேல 8 வோல்ட்லயோ கீழ 1 வோல்ட்லயோ ஒட்டிக்கிட்டு நின்னா, அந்தக் காலைச் சுத்தி ஈயம் ரெண்டு புள்ளியைச் சேர்த்திருக்கும், இல்ல ஒரு ரெசிஸ்டர் மாறியிருக்கும்.

வோல்ட்டேஜ் எல்லாம் சரின்னா சிக்னலைத் துரத்தணும். பழைய கிட்டார் கேபிளோட ஒரு முனையை வெட்டி, ஷீல்டுல முதலைக் கிளிப், நடு வயர்ல 0.1 மைக்ரோ கபாசிட்டர் பத்தவைங்க. மறுமுனை ஆம்ப்ல, வால்யூம் குறைச்சு. கிளிப்பை எர்த்துல மாட்டி, போன்ல பாட்டு ஓடவிட்டு பெடலோட இன்புட்டுக்குக் கொடுங்க. பெடலை மிதிச்சு ஆன்ல வச்சு, கபாசிட்டர் காலால இன்புட்ல இருந்து ஒவ்வொரு பார்ட்டா தொட்டுப் போங்க. எங்க பாட்டு நிக்குதோ, அதுக்கும் முந்தின இடத்துக்கும் நடுவுலதான் குறை.

நீல நிற அஞ்சு வளைய ரெசிஸ்டர்தான் அடிக்கடி காலை வாரும். முதல் நாலு வளையம் 1 கே-க்கு பிரவுன், கறுப்பு, கறுப்பு, பிரவுன். 10 கே-ல நாலாவது சிவப்பு, 100 கே-ல ஆரஞ்சு. நீலத்து மேல, டியூப்லைட் வெளிச்சத்துல இந்த மூணும் ஒண்ணு போலத்தான் தெரியும். ஒவ்வொண்ணையும் மீட்டர்ல அளந்துட்டு போர்டுல போடுங்க. பொட்டன்ஷியோமீட்டரோட (நாப் மாட்டுற திருகு பார்ட்) தகர முதுகு போர்டு அடியில இடிக்குதான்னும் பாருங்க. பெட்டிக்கு வெளிய பாடி, மூடினதும் ஊமையாகுற கிட்டுக்கு அதுதான் காரணம். இடையில ஃபோம் டேப் ஒட்டிட்டா தீர்ந்தது.

குளச்சலிலிருந்து: வீடு கடற்கரை ஓரம். பார்ட்ஸ் கால் கறுத்துப்போய் ஈயம் உருண்டு ஓடுது. செஞ்ச பெடலும் கொஞ்ச மாசத்துல கரகரங்குது.

உப்புக்காத்துக்கு முன்னாடி அலட்சியம் செல்லாது. கறுத்த காலை பிளேடால லேசா சுரண்டி, பளபளப்பு தெரிஞ்ச உடனே பத்தவைங்க. சுரண்டி நாளைக்கு வச்சா திரும்பவும் மங்கிரும். பார்ட்ஸை ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. ஈயம் 60/40, 0.8 மி.மீ., உள்ள ரோசின் உள்ளது. தகர வேலைக்கு விக்கிற ஆசிட் பேஸ்ட்டை மட்டும் தொடவே தொடாதீங்க. அன்னைக்கு ஈயம் அழகா பிடிக்கும், மழைக்காலத்து ஈரம் பட்டதும் செம்பைப் பச்சையா அரிச்சிரும்.

வேலை முடிஞ்சதும் போர்டு அடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ் கொண்டு தேய்ச்சுக் கழுவி நல்லா காயவிடுங்க. பெடல் வேலை செய்யுதுன்னு சோதிச்ச பிறகு, பத்தவைச்ச பக்கம் மட்டும் கிளியர் லாக்கர் ரெண்டு மெல்லிய பூச்சு. ஜாக், பொட்டன்ஷியோமீட்டர், ஸ்விட்ச் மூணையும் டேப் சுத்தி மறைச்சுருங்க, அதுக்குள்ள லாக்கர் போனா முடிஞ்சது. கரகரப்பு நாபைத் திருப்பும்போது மட்டும்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை முன்னும் பின்னும் திருப்புங்க.

நாகர்கோவிலிலிருந்து: வைஃபை ரவுட்டர் அடாப்டர் 12 வோல்ட் சும்மா கிடக்கு. போடலாமா?

வேண்டாம். பெடலுக்கு நடுமுனை மைனஸ். ரவுட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடுமுனை பிளஸ். பல கிட்ல 1என்4001 டயோடு காப்பாத்தும், சிலதுல அந்த டயோடே கருகும். உள்ள 7660 மாதிரி சார்ஜ் பம்ப் ஐசி (வோல்ட்டேஜை ரெட்டிப்பாக்குற, இல்ல தலைகீழாக்குற ஐசி) இருந்தா 10 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

முட்டத்திலிருந்து: டியூப் ஸ்க்ரீமர் கிட்ல தடிச்ச கம்பியோட கனம் காணாமப் போகுது.

சர்க்யூட்டே அப்படித்தான். 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ கபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ கெயினை (சிக்னலைப் பெருசாக்குற அளவை) குறைக்குது. அந்தக் கபாசிட்டரை, மேல 473-ன்னு இருக்கும், 104 (0.1 மைக்ரோ) ஆக்குங்க. எல்லை 340-க்கு இறங்கும். 224 (0.22 மைக்ரோ) போட்டா 155. அதுக்கும் கீழ போகாதீங்க, கார்டு அடிச்சா கூழாகிரும். ரெண்டு 1என்4148 டயோடுக்குப் பதில் சிவப்பு எல்இடி போட்டா சத்தம் கூடும், கிழிசல் குறையும். எனக்குப் பிடிச்சது ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் வரிசையா ரெண்டு. சாக்கெட் வச்சு மாத்திப் பாருங்க, போர்டுல திரும்பத் திரும்ப சூடு வச்சா செம்புத்தடம் பிஞ்சு வந்துரும்.

கருங்கலிலிருந்து: சர்ச் கொயர்ல ஆம்ப் கிடையாது, பெடல்ல இருந்து நேரா மிக்ஸர். ஓவர்டிரைவ் போட்டா தேனீ கூடு கலைஞ்ச மாதிரி இருக்கு.

பெடல்ல குறை இல்ல. கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானா அடங்கிரும். சர்ச் ஸ்பீக்கர் அந்த இரைச்சலையும் முழுசா பாடும். கேபினெட் சிமுலேட்டர் (கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரி ஒலிக்க வைக்குற கருவி) இருந்தா நல்லது. இல்லன்னா பெடல் அவுட்புட்ல 10 கே தொடரா, அதுக்கப்புறம் எர்த்துக்கு 3.3 நானோ கபாசிட்டர், மேல 332-ன்னு இருக்கும். 4.8 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து சரியும். முழுத் தீர்வு இல்ல, காது குத்துறது குறையும். அதுக்குப் பிறகு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) வழியாவே மிக்ஸருக்குப் போங்க. நேரா போனா மிக்ஸர் லெவலை இழுத்துரும். ஹம் (ம்ம்னு இரைச்சல்) வந்தா டிஐ-ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்க.

திங்கள்சந்தையிலிருந்து: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் (சத்தத்தை ரொம்பக் கிழிக்குற பெடல்) கிட், மதியம் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி.

வெயில்தான். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரோட லீக்கேஜ் (வேண்டாம கசியுற கரண்ட்) சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை ரெட்டிப்பாகும். ரெண்டாவது டிரான்சிஸ்டரோட 8.2 கே இடத்துல 20 கே டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால திருப்பி அளவு மாத்துற ரெசிஸ்டர்) வச்சு, வாசிக்கிற நேரத்துச் சூட்டுல கலெக்டரை 4.5 வோல்ட்டுக்கு நிறுத்துங்க. பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்டு, பிளஸ் முனை எர்த்தா இருக்குற கிட்னா மற்ற பெடலோட ஒரே அடாப்டர்ல சேர்க்காதீங்க, ஷார்ட் ஆகும்.

குழித்துறையிலிருந்து: மிதிக்கும்போது டப்புன்னு சத்தம்.

இன்புட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல 1 மெகா ஓம் ரெசிஸ்டர். அவுட்புட்லயும் ஒண்ணு போட்டா இன்னும் நல்லது. ஸ்விட்சோட ஒன்பது காலில் ஒவ்வொண்ணுக்கும் மூணு செகண்டுக்கு மேல அயர்ன் வைக்காதீங்க; பிளாஸ்டிக் இளகி உள்ள தகடு சாய்ஞ்சிரும்.

இரணியலிலிருந்து: அலுமினியப் பெட்டியில துளை என்ன அளவு?

மிதி ஸ்விட்ச் 12 மி.மீ., கேபிள் ஜாக் 10, நாப் 7. வாங்கின பார்ட்டை ஒரு தடவை அளந்துக்கோங்க. பேப்பர் ஒட்டி, சென்டர் பஞ்ச் வச்சு, 3 மி.மீ. பிட்ல ஆரம்பிச்சு படிப்படியா பெருசாக்குங்க.