பூச்சாடியில் கருவேப்பிலை ஏன் பழுக்கிறது?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 26 ஆண்டுகள் செம்பனைக்கு உரம் போட்டு ஓய்வு பெற்றவள் நான். லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தோட்டத்து மண்ணையே கொண்டுவந்து, கருவேப்பிலை, குண்டு மல்லி, எலுமிச்சை மூன்றையும் பூச்சாடிகளில் வைத்துக் கார் நிறுத்தும் கூரையோரம் வரிசையாக அடுக்கி, அடியில் தட்டும் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, மாதம் ஒரு பிடி உரம் போட்டும் கருவேப்பிலை பழுத்து உதிர்கிறது. மல்லி இலையாகவே கொழிக்கிறது. எலுமிச்சைக் கொழுந்து சுருள்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: அம்மா, வணக்கம். உரம் போதவில்லை என்பதல்ல, மிகுந்துவிட்டது என்பதே என் கணிப்பு. செம்பனை ஒன்றுக்கு ஒன்று ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கிறது. நீங்கள் வீசிய உரத்தை மழை கரைத்துப் பரவலாக இறக்கிவிடும், வேர் தேடிப் போய் எடுத்துக்கொள்ளும். உங்கள் பூச்சாடியோ 15 லிட்டர் மண்ணுக்கு மேல் பிடிக்காது. அதில் ஒரு பிடி போட்டால் உப்பு போக வழியின்றித் தங்கி, வேர் நுனியைக் கருக்கும். மண்ணின் மேல் வெள்ளைப் படலமும் இலை நுனியில் பழுப்பும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது மண். தோட்டத்தில் செம்பனையைத் தாங்கிய அதே களிமண், சாடிக்குள் இரு வேளைத் தண்ணீரில் இறுகிப்போய், வேருக்குக் காற்றே இல்லாமல் செய்துவிடுகிறது. உங்கள் பேராக் மாநிலத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை வலுக்கும் என்பதால், கூரையோரச் சாடிக்குச் சாரலும் சேர்ந்துகொள்ளும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். சாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீர் தேங்கும் மட்டம் கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்குகிறது. ஓட்டைகள் அடையாமல் இருப்பதும் மண் பொலபொலப்பாக இருப்பதுமே வடிகால்.

ஆகவே கருவேப்பிலையை மெல்லக் கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெளுத்து உறுதியாக உள்ள வேரை விட்டு, கறுத்துக் குழைந்து நாறுவதை வெட்டிவிடுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, சுட்ட உமியும் தென்னை நார்த்தூளும் சேர்ந்து இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு எனக் கலந்து அதில் நடுங்கள். பத்து நாள் நிழலில் இருக்கட்டும். ஒரு மாதம் உரமே வேண்டாம். பிறகு தேநீர்க் கரண்டியளவு நீலக் குருணை உரத்தை மாதம் ஒரு முறை, ஈர மண்ணில், சாடியின் விளிம்போரம் தூவினால் போதும். புளித்த மோர் ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வேர் அழுகிய செடிக்கு இப்போது அது கூடாது.

எலுமிச்சையின் சிக்கல் வேறு. கருவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இரண்டின் கொழுந்திலும் வாலைத் தூக்கியபடி சாய்ந்து உட்காரும் சிறு சாறுண்ணிப் பூச்சி ஒன்று முட்டையிடுகிறது. குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழைகளை விடும்; கொழுந்து சுருளும். கருவேப்பிலைக்கு இதனால் கொழுந்து மட்டுமே சேதம்; எலுமிச்சைக்கோ அதே பூச்சி, இலையில் மஞ்சள் திட்டு விழுந்து செடி நலியும் பசுமை நோயைக் கொண்டுவரக்கூடும், அதற்கு மருந்தில்லை. வாரம் ஒரு முறை இலையின் அடியைப் பார்த்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேநீர்க் கரண்டி மென்மையான திரவ சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். சமையலுக்குப் பறிக்கும் செடியில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

இங்கே உங்கள் தோட்ட அனுபவம் கைகொடுக்கும். செம்பனையின் அடியோலை ஆரஞ்சு நிறமானால் கீசரைட் என்ற மக்னீசிய உரம் போடச் சொல்வார்கள் அல்லவா? அதே மக்னீசியக் குறை எலுமிச்சையிலும் முதிர்ந்த இலையில்தான் தோன்றும். நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளாகி, காம்பருகே மட்டும் பச்சை ஆப்பு போல மிஞ்சும். பசுமை நோயிலோ நரம்பின் ஒரு பக்கத்து மஞ்சள் திட்டு மறுபக்கத்தோடு பொருந்தாது. பொருந்தாத திட்டுகள் பல இலைகளில் பரவினால் செடியைப் பிடுங்கிவிடுங்கள். இடம் குறுகிய வீட்டில் இரண்டையும் ஒன்றாக வைக்க நான் சொல்லமாட்டேன். எலுமிச்சை பாசாரில் எப்போதும் கிடைக்கும், கருவேப்பிலைதான் வாசலில் இருக்க வேண்டியது.

மல்லி பூக்காமல் இலையாகக் கொழிப்பதற்கு நிழலே காரணம். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் படும் இடத்துக்கு மாற்றி, மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் மொட்டு வரும்.

தட்டுகளை இன்றே எடுத்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசு பெருகவிட்டால் தண்டமும் உண்டு.

வேர் முழுவதும் கறுத்திருந்தால் பழைய கருவேப்பிலைக்காகக் காத்திருக்க வேண்டாம். அக்கம்பக்கத்து மரத்தில் கறுத்துப் பழுத்த பழங்களைக் கேட்டு வாங்கி, சதையைக் கழுவி, அன்றே ஊன்றுங்கள். விதையைக் காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்பது அரிது.