வாக்கி டாக்கியில் ஸ்பீக்கர் மைக் (கம்பியால் கருவியோடு இணைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் மைக்) மாட்டியதும் பேச்சு எட்டும் தூரம் குறைந்துவிட்டது. நீளமான ஆன்டெனா வாங்கினால் சரியாகுமா?

ஆன்டெனாவுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மைக்கைக் கழற்றாமலேயே, கருவியை இடுப்பிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மைக்கில் பேசுங்கள். பழையபடி தெளிவாகக் கேட்டால் குற்றவாளி மைக் அல்ல, உங்கள் இடுப்பு.

பினாங்கில் ஜாலான் கெபுன் பூங்காவில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்கிறேன். கருவியைக் கையில் பிடித்துப் பேசிய வரை, தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளுக்கு மேலே நின்ற எங்கள் பிள்ளைகளோடு பேச்சு தடைபட்டதே இல்லை. ஓர் ஆண்டு எல்லோருக்கும் ஸ்பீக்கர் மைக் வாங்கினோம். மோர் ஊற்ற இரண்டு கைகளும் கிடைத்தன. ஆனால் நாங்கள் சொன்னதில் பாதி, மேலே வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

மைக் தோளுக்கு ஏறியபோது ஆன்டெனா இடுப்புக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். நாங்கள் பயன்படுத்துவது உரிமம் தேவையில்லாத 477 மெகாஹெர்ட்ஸ் பொதுச் சேனல்கள். நீர் நிறைந்த மனித உடம்பு அந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். ஆன்டெனா உங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; சுற்றிலும் பால்குடம் ஏந்தியவர்களும் காவடி பார்க்க வந்தவர்களும் சுவராக நிற்கிறார்கள். கருவி 5 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. எங்களுக்குக் கை கொடுத்தது, கருவியை நெஞ்சுயரத்தில் வைக்கும் மலிவான வார்ப்பட்டைதான். முக்கியமான செய்தி என்றால் இன்றும் கருவியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மைக்கில் பேசுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும், செய்தி போய்விடுகிறது.

சரி, ஆன்டெனாவுக்கு வருகிறேன். 477 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு, அதாவது கருவியின் ஆன்டெனாவுக்கு ஏற்ற நீளம், 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரலளவு ஆன்டெனாவுக்குள் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பைக்கு வசதி, அலைக்கு நட்டம். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், மாற்றுவதில் பலன் உண்டு. ஆனால் நீளம் மட்டும் போதாது. 145 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த அரை மீட்டர் ஆன்டெனா, உங்கள் அலைவரிசைக்கு ஒத்துப்போகும் என்று நம்பி வாங்காதீர்கள். பொருந்தாத ஆன்டெனாவிலிருந்து ஆற்றல் கருவிக்கே திரும்பி வந்து அதைச் சூடாக்கும். திருகு முனையில் ஆண், பெண் என இரண்டு வகை உண்டு. கருவியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். ஆன்டெனாவைப் பிடித்துக் கருவியைத் தூக்கும் பழக்கம் இருந்தால், புதியதும் நாலு மாதம் தாங்காது.

மைக்கைப் பற்றி ஒன்று. உறுமி மேளம் பக்கத்தில் முழங்கும்போது உரக்கக் கத்தினால் ஒலி உடைந்து ஒன்றும் புரியாது. மைக்கை வாயிலிருந்து மூன்று விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, சாதாரணக் குரலில் பேசுங்கள்.

மைக் கம்பியின் இரட்டை முனைச் செருகியையும் கருவியில் அழுத்திச் செருகுங்கள். ஒரு முறை எங்கள் பிள்ளை ஒருவனின் செருகி பாதி நழுவி, பொத்தானை அழுத்தாமலேயே கருவி ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. சேனல் முழுக்க அவன்தான். வேறு யாரும் குறுக்கே பேச வழியில்லை. பந்தல் சாம்பாரில் உப்பே இல்லை என்று அவன் நண்பனிடம் குறைபட்டுக்கொண்டதை, சமைத்த அக்கா உட்பட அத்தனை பேரும் கேட்டோம். அதன் பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பினால் தானாக நின்றுவிடும்படி எல்லாக் கருவிகளிலும் கெடு வைத்துவிட்டோம். அவனை மட்டும் அக்கா இன்னும் 'உப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்.