முதலில் கல்யாணம், அப்புறம் அன்பு

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி நானும் நான்கைந்து படித்தேன். முன்பின் தெரியாத இருவர் பிழைப்புக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், கடைசியில் மழையும் பெய்து அன்பும் வந்துவிடுகிறது. இப்படியெல்லாம் உண்மையில் நடந்திருக்குமா, இல்லை ஆறுதலுக்காக எழுதுவதா?

வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதத்தில்தான் நான் இந்த நாவல்களைப் படிக்க ஆரம்பித்தேன். அதனால் ஆறுதல் என்ற சொல்லை நான் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கல்யாணங்கள் கற்பனை இல்லை.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த நார்சிஸா பிரென்டிஸுக்கு மிஷனரியாகப் போக ஆசை. கல்யாணம் ஆகாத பெண்ணை அனுப்ப மிஷன் சங்கத்துக்கு மனமில்லை. மேற்கே போகத் துடித்த மார்கஸ் விட்மன் என்ற டாக்டருக்கும் மனைவி தேவைப்பட்டது. அதிகம் பழகாமலேயே நிச்சயம் செய்துகொண்டார்கள். 1836 பிப்ரவரி 18-ல் கல்யாணம், மறுநாளே பயணம். நார்சிஸாவும் கூடப் போன எலைசா ஸ்பால்டிங்கும்தான் ராக்கி மலைகளைத் தாண்டிய முதல் வெள்ளைக்காரப் பெண்கள்.

வழியில் நார்சிஸா வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துப் பாருங்கள். விறகு கிடைக்காத புல்வெளியில் காட்டெருமைச் சாணம் காய்ந்ததைப் பொறுக்கி அடுப்பு மூட்டியதைச் சொல்கிறார் (நம் வறட்டிதான், தட்டாத வறட்டி). காலையிலும் மதியமும் இறைச்சியும் டீயும் மட்டுமே என்று எழுதிவிட்டு, ரொட்டியை வீணாக்காதீர்கள், காய்ந்த துண்டு கிடைத்தால்கூட எனக்கு எவ்வளவு ருசிக்கும் தெரியுமா என்று தங்கைகளிடம் சொல்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே கடிதங்களில், சில மாதங்களுக்கு முன்புவரை அதிகம் தெரியாத அந்தக் கணவரைப் பற்றி அவ்வளவு பாசமாகவும் எழுதுகிறார். நீங்கள் கேட்ட அன்பு அங்கே இருக்கிறது, அதுவும் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே.

ஆனால் மழை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஜெபித்ததும் பலன் கிடைக்கிற நாவல்களை என்னாலும் நம்ப முடியவில்லை. இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில், வால்லா வால்லா பக்கம் வையிலட்புவில் அவர்கள் குடியிருந்தபோது, 1839 ஜூனில் ஒரு நாள் இரண்டு வயது மகள் ஆலிஸ் கிளாரிஸா தண்ணீர் மொள்ள இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். கோப்பைகள் கிடைத்தன, பிள்ளை மூழ்கிப்போனாள். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று நாம் சாவு வீட்டில் சட்டென்று சொல்லிவிடுகிறோமே, அதைச் சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு காலம் ஆகும் என்று காட்டுகிற நாவல்தான் எனக்கு வேண்டும். அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. 1844-ல், பயண வழியில் அப்பா அம்மா இருவரையும் இழந்த ஒரு குடும்பத்தின் ஏழு பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் எனக்கு இந்த நாவல்கள்மேல் உண்மையான வருத்தம். பலவற்றில் அந்த நிலம் ஆளில்லாமல் கிடக்கிறது. 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் என்றது. கதாநாயகன் அதைக் கர்த்தர் தந்த நிலமாக நினைத்து முழங்கால்படியிடுகிறான், அது யாருடைய நிலம் என்று கதை கேட்பதே இல்லை. வையிலட்பு கையூஸ் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். குடியேறிகளின் வண்டிகள் பெருகப் பெருக அவர்களுக்குப் பயமும் கோபமும் கூடின. 1847-ல் தட்டம்மை பரவியது. டாக்டர் மருந்து கொடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள், கையூஸ் மக்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். வைத்தியம் பார்த்தவரிடம் நோயாளிகள் செத்தால் அவரைக் கொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம். நவம்பர் 29-ல் விட்மன் தம்பதியும் வேறு சிலரும் கொல்லப்பட்டார்கள். 1850-ல் ஐந்து கையூஸ் ஆண்களை ஓரிகன் சிட்டியில் தூக்கில் போட்டார்கள்.

அதனால் அடுத்த நாவலை எடுக்கும்முன் நார்சிஸாவின் கடிதங்களை ஒரு தடவை படித்துவிடுங்கள். அந்த ரொட்டி வரிகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.