டெர்மினுக்காகக் காத்திருக்காதீர்கள், விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள்

கேள்வி: தென் ஜெர்மனியின் ஒரு பெருநகரத்தில் நான்கு ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கிறேன். என் புளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி அட்டை) இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. மனைவி, மூன்று வயது மகன் இருவருடைய வசிப்பு அனுமதி அட்டையும் அதே நாளில் முடிகிறது. நீட்டிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் வர ஒதுக்கும் நேரம், இரண்டு மாதமாக இணையத்தில் தேடுகிறேன், எந்த நேரம் பார்த்தாலும் காலி இல்லை. மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில்தான் வருகிறது. அட்டை முடிந்தால் வேலையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று கம்பெனியில் ஹெச்ஆர் சொல்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தலைக்கு 200 யூரோ கொடுத்தால் டெர்மின் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அடுத்த மாதம் ஊரில் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை வேறு. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 200 யூரோவைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டெர்மின் கிடைக்காததால் உங்கள் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். டெர்மின் வேறு, விண்ணப்பம் வேறு. அட்டை முடிவதற்குள் உங்கள் விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உங்களை எந்த நாளில் கூப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் வசதி. ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவு, 4ஆவது உட்பிரிவு சொல்வது இதுதான்: பழைய அனுமதி முடிவதற்குள் நீட்டிப்பு கேட்டுவிட்டால், முடிவு தெரியும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும். வேலை செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்தே தொடரும்.

அதனால் இன்று மாலையே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஜெர்மனில் இருக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண், அட்டை எண், அட்டை முடியும் நாள், 'நீட்டிப்புக்கு இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன்' என்ற ஒரு வரி, கையெழுத்து. அதன் கீழே இன்னொரு வரி: '81ஆவது பிரிவு, 5ஆவது உட்பிரிவின்படி சான்று தரவும்.' பழைய அனுமதி தொடர்கிறது என்று காட்டும் இந்தச் சான்றுக்குத்தான் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். வாயில் நுழையாத பெயர், ஆனால் அடுத்த சில மாதங்களுக்கு உங்களுக்கு உயிர்நாடி அதுதான். நான் இதை இடைக்காலச் சான்று என்றே எழுதுகிறேன்.

மனைவிக்கு ஒரு கடிதம், மகனுக்கு ஒரு கடிதம் என்று தனித்தனியாகப் போக வேண்டும். குடும்பத் தலைவர் கேட்டால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து, குழந்தையின் அட்டையைக் காலாவதியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் கடிதத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஆவணம் எதுவும் குறைந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, கம்பெனிக் கடிதம் எல்லாம் பின்னால் அனுப்பலாம். குறையுள்ள விண்ணப்பம் நாளுக்குள் போய்ச் சேருவது, முழுமையான விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாகப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எப்படிக் கொடுப்பது? உங்கள் நகரத்தில் இணைய வழி விண்ணப்பம் இருந்தால் அதில் போடுங்கள், கடைசியில் வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல நகரங்களின் தளத்தில் 'டெர்மின் கோரிக்கை' என்று ஒரு படிவம் இருக்கும், 'ஆன்ட்ராக்' என்று இன்னொன்று இருக்கும். ஆன்ட்ராக் என்றால்தான் விண்ணப்பம். முதலாவதை நிரப்பிவிட்டு விண்ணப்பித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் நிறையப் பேர். நீங்கள் இரண்டு மாதமாகத் தட்டியதும் அந்தக் கதவைத்தான் என்று நினைக்கிறேன். ஆன்ட்ராக் படிவம் உங்கள் நகரத்தில் இல்லையென்றால், கடிதத்தை அலுவலகக் கட்டடத்தின் தபால் பெட்டியில் நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள். கூட ஒரு நண்பரை அழைத்துப் போங்கள். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, உறைக்குள் வைத்து நீங்கள் பெட்டியில் போட்டதைப் பார்த்தேன் என்று தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும், முடிந்தால் ஃபேக்ஸிலும் அனுப்புங்கள். ஃபேக்ஸா என்று சிரிக்க வேண்டாம். இந்த நாட்டு அரசு அலுவலகங்களில் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அது தரும் அனுப்புகைச் சீட்டு நல்ல சான்று.

இனி அந்த 200 யூரோ ஆசாமி. இவர்கள் செய்வது என்ன தெரியுமா? இணையத்தில் டெர்மின் திறந்த நொடியே நிரலை வைத்து ஏதோ ஒரு பெயரில் மொத்தமாக அள்ளிக்கொள்கிறார்கள். நீங்கள் காலையில் எழுந்து பார்க்கும்போது காலி இல்லாமல் போவதற்கு ஆள் பற்றாக்குறை ஒரு காரணம் என்றால் இவர்கள் இன்னொரு காரணம். உங்களிடமிருந்து பறித்ததை உங்களுக்கே விற்கிறார்கள். என்னிடம் வந்த ஓர் இளம் தம்பதி இப்படிக் காசு கொடுத்து டெர்மின் வாங்கினார்கள். போன இடத்தில் பதிவில் இருந்த பெயரும் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். காசு போனது போகட்டும், அந்த டெர்மினை நம்பி விண்ணப்பமே கொடுக்காமல் இருந்துவிட்டார்கள். அதற்குள் அட்டை முடிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது.

'உள்ளே ஆள் இருக்கிறார்' என்கிறவரையும் நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்கிறவரை அதைவிட நம்பாதீர்கள். முகவரிப் பதிவுக்கு வீடு தருகிறேன், குடியிருக்கத் தேவையில்லை என்று ஒரு கூட்டம் அலைகிறது. குடியிருக்காத வீட்டில் பதிவு செய்ய முகவரி கொடுப்பதற்கு அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். நம்மவர், நம் மொழி பேசுகிறார் என்பதற்காகத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சொல்லவே வேதனையாக இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்த இடைத்தரகர்களில் பாதிப் பேர் நம்மவர்களே. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் காரித்தாஸ், டியாகோனி, அவோ, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் குடியேறியோர் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. அரசு நிதியில் நடப்பவை, காசு வாங்க மாட்டார்கள்.

ஹெச்ஆர் விஷயம். அவர் பயத்தில் நியாயம் உண்டு. அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் அவரிடம் கோபப்படாமல், விண்ணப்பத்தின் நகல், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை, 81ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவின் அச்செடுத்த பக்கம் ஆகிய மூன்றையும் கொடுங்கள். இடைக்காலச் சான்று வந்ததும் அதன் நகலையும் கொடுங்கள். அதற்குக் கட்டணம் 13 யூரோ.

இந்தச் சான்றைக் கொடுத்தாக வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மனமிருந்தால் கொடுக்கலாம் என்றல்ல. ஆனாலும் அதைக் கேட்டு மூன்று மின்னஞ்சல், இரண்டு கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு நாள் தாமதித்தால் உங்கள் வேலை, வீடு, குழந்தையின் பள்ளி எல்லாம் ஆட்டம் காணும். அலுவலகம் ஏழு மாதம் தாமதித்தால் 'பணிச்சுமை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரை நான் குறை சொல்லவில்லை, அவர் மேசையில் கோப்பு மலை மாதிரிக் கிடக்கிறது. அந்த மலையை ஆண்டுக்கணக்கில் வளரவிட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கப்போகும் மாணவர்களுக்குப் பொருந்தும். தொடர்வது பழைய அனுமதி என்றேன் அல்லவா? பழையது என்றால் அதன் நிபந்தனைகளோடு பழையது. படிப்பு முடித்த ஒரு பெண், மாணவர் அட்டையோடு இருக்கிறார், வேலை கிடைத்துவிட்டது, வேலை அனுமதிக்கு நாளுக்குள் விண்ணப்பித்தும் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் தொடர்வது மாணவர் அனுமதிதான். அதில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை என்ற வரம்பு இருந்தால் அந்த வரம்பும் தொடரும். விண்ணப்பித்துவிட்டோமே என்று முழுநேர வேலையில் சேர்ந்தால் அது அனுமதியற்ற வேலை. அவருக்கும் சிக்கல், நிறுவனத்துக்கும் சிக்கல். நாளை நிரந்தர அனுமதியோ குடியுரிமையோ கேட்கும்போது இந்தப் பழைய கணக்கு தலைதூக்கும். முழுநேரம் வேலை செய்யலாம் என்று அலுவலகம் எழுத்தில் கொடுக்கும்வரை சேராதீர்கள். சேரும் தேதியைத் தள்ளிவைக்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு மாதச் சம்பளம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

சரி, உங்களிடம் வருகிறேன். நான்கு ஆண்டு புளூ கார்டில் இருந்துவிட்டு இன்னும் நீட்டிப்புதான் கேட்கப் போகிறீர்களா? 27 மாதம் புளூ கார்டு வேலையும் ஓய்வூதியக் கட்டணமும் ஏ1 அளவு (தொடக்கநிலை) ஜெர்மனும் இருந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதமே போதும். மொழிச் சான்றிதழ் கையில் இருந்தால் அதே கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள்: முதல் வேண்டுகோள் நிரந்தர அனுமதி, அது முடியாவிட்டால் நீட்டிப்பு. இப்படிக் கேட்டாலும் 4ஆவது உட்பிரிவின் பாதுகாப்பு அப்படியே இருக்கும். இந்த அலுவலகத்தின் வாசலில் மறுபடி மறுபடி நிற்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் ஆகியும் ஒரு முடிவும் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை என்றால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அலுவலகம் செயல்படாமல் இருக்கிறது என்பதற்காகவே போடும் வழக்கு இது. முதல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் இரண்டு வாரக் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். பல நேரம் அந்தக் கடிதத்துக்கே கோப்பு அசைந்துவிடுகிறது. வழக்குப் போட்ட பிறகு முடிவு வந்தால், நியாயமாக முன்பே முடிவை எதிர்பார்த்திருக்கலாம் என்ற நிலையில் செலவு அலுவலகத்தின் தலையில்தான் விழும். வழக்குப் போட்டால் கோபித்துக்கொண்டு மறுத்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். தகுதி இருப்பவருக்கு அப்படி மறுத்த ஒரு கோப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

கடைசியாக அம்மா. அட்டை செல்லுபடியாகும் நாளுக்குள் போய்த் திரும்பிவிட முடியுமென்றால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள், தடையில்லை. அடுத்த மாதம்தான் போக முடியும் என்றால் இடைக்காலச் சான்று கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். சட்டப்படி அனுமதி தொடர்கிறது என்பது உண்மை, ஆனால் சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுப்பவரிடம் சட்டப் பிரிவைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவர் ஏற்ற மறுத்தால் விசாவுக்காகத் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாருங்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில், அதாவது 4ஆவது உட்பிரிவு என்று எழுதியிருக்கும் கட்டத்தில் குறி இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்ப முடியும். அவசரத்தில் ஊழியர் முதல் கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கவுன்டரை விட்டு நகர்வதற்குள் திருத்தி வாங்குங்கள், வெளியே வந்துவிட்டால் அதற்கும் டெர்மின் கேட்பார்கள். முடிந்துபோன பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பாஸ்போர்ட், பழைய அட்டை, சான்று மூன்றும் சேர்ந்தால்தான் பயணத்துக்கு ஆகும். வழியில் வேறு ஐரோப்பிய நாட்டில் இறங்கி மாறாமல், நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானமாக எடுங்கள்.

மருத்துவமனையிடம் அறுவைச் சிகிச்சைத் தேதி போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, சான்று கேட்கும் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். அவசரம் என்று நீங்கள் எழுதுவதைவிட அந்தத் தேதி வேகமாக வேலை செய்யும். அதற்குள்ளும் சான்று வராவிட்டால், ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று அம்மாவின் கண் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கண்புரைக்குப் பெரும்பாலும் அந்த அவகாசம் உண்டு.